காலனி என்று சொன்னாள்

அடுத்து நான்தான். கோதண்டபாணி சார் தலைமை உரையை முடித்ததும் என்னைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து போய் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு 'பெட்டிக்குச் சாதி கிடையாது' என்று ஆரம்பிக்க வேண்டும், கைதட்டுவார்கள், அந்த இடத்தில் எப்போதும் தட்டுவார்கள். சட்டைப்பையில் நாலு பக்கம் மடித்து வைத்திருக்கிறேன். ஏசி நேராகப் பின்கழுத்தில் அடிக்கிறது, நாற்காலியை நகர்த்தலாம் என்றால் மேடையில் சத்தம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு இத்தனை பேர் வந்ததே பெரிது, நாற்பது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் அவர்கள் கூட்டி வந்த மருமகன்கள். பின்னால் பேனரில் 'என் வீடு, என் முடிவு' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. சாதி, மதம் பார்த்து வாடகைக்கு வீடு தர மறுப்பவர்களைத் தண்டிக்க ஒரு சட்டம் வேண்டும் என்று யாரோ கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், அதை எதிர்த்துத்தான் எங்கள் சுதந்திர சிந்தனை வட்டம் கூட்டம் போட்டிருக்கிறது. எதிர்ப்பவர்களில் நான் முக்கியமானவன். ஏன் முக்கியம் என்று இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருவர்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவு நாகரிகமானவர்கள். மேடையில் மூன்று நாற்காலி, அதில் ஒன்றில் ஏகாம்பரம் என்கிற நான் உட்கார்ந்திருந்தால் மற்ற இரண்டு பேரும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் அது பொய். தெரிந்தே உட்கார்ந்திருந்தேன், உட்காரப் பிடித்திருந்தது.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் என் மகள் நிரஞ்சனா கேட்பாள். நேற்றே கேட்டாள். 'எதுக்குப்பா வேணான்னுட்டாங்க? காபியெல்லாம் குடுத்தாங்க, அவ்ளோ நல்லாப் பேசினாங்க. காலையில புரோக்கர் போன் பண்ணி, ஓனர் பையன் அமெரிக்காலேர்ந்து வர்றாரு, வாடகைக்கு விடலையாம்ங்கறாரு. அந்த வீட்டுக்கு இன்னிக்கும் ஆன்லைன்ல விளம்பரம் ஓடுதுப்பா. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?' நாளைக்கு வந்து சொல்கிறேன் என்றேன், என்னவோ விசாரித்துவிட்டு வந்து சொல்லப்போகிறவன் மாதிரி. விசாரிக்க என்ன இருக்கிறது? அவள் போனில் வீட்டின் படத்தைக் காட்டியபோதே தெரிந்துபோயிற்று. மந்தைவெளியில் பச்சைக் கேட், கேட்டை ஒட்டிச் செம்பருத்தி, முதல் மாடிக்குத் தனிப் படிக்கட்டு. அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு நான் எத்தனை தடவை போயிருக்கிறேன், கீழே முன்னறையில் உட்கார்ந்து தனிமனித உரிமையைப் பற்றி எத்தனை மணி நேரம் பேசியிருக்கிறேன். கோதண்டபாணி சார் வீடு. அவளுக்கு அது யார் வீடு என்று தெரியாது. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் அவள் யார் என்று தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆளான நான் இங்கே மேடையில் ஏசிக் காற்றில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறார்கள், மூடி திறக்க வரவில்லை.

என்ன கேட்டாங்கம்மா, ஒவ்வொன்றாகச் சொல்லு என்றேன், சொன்னாள். எந்த ஆஸ்பத்திரியில வேலை, எத்தனை வருஷமா டாக்டர், கல்யாணம் எப்போ, அசைவம் சாப்பிடுவியா. இல்ல ஆன்ட்டி, ரூம்ல சமைக்க மாட்டேன் என்றிருக்கிறாள், அதற்குச் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் சொந்த ஊர் எது என்றிருக்கிறார்கள். அம்பத்தூர் என்றிருக்கிறாள். அது இப்போ இருக்கற இடம்மா, சொந்த ஊர்? செய்யாறு பக்கம் ஆன்ட்டி, புளியந்தாங்கல். அங்கே எந்தத் தெரு? 'தெருப் பேரு தெரியல ஆன்ட்டி, காலனின்னு சொல்வாங்க. எங்க தாத்தா கட்டின வீடு இன்னும் காலனிலதான் இருக்கு.' இதை என்னிடம் திருப்பிச் சொல்லும்போதும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்குக் காலனி என்றால் அவள் சிநேகிதிகள் இருக்கிற இடம், வாசலில் காவலாளி, உள்ளே வரிசையாகக் கார், ஷட்டில் விளையாடும் பெண்கள். ஊர்ப்பக்கம் காலனி என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியவன் நான். ஊர் என்றால் அவர்கள் இருப்பது, காலனி என்றால் நாம் இருப்பது, அந்த ஊரை நம் ஊர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், ஊர் நம்மைச் சொல்லாது. நான் சொல்லித்தரவில்லை. சாதி என்று ஒன்று இருப்பதும் அதில் நாங்கள் எது என்பதும் அவளுக்குத் தெரியும், ஆனால் தன் ரத்த வகை தெரிவது மாதிரித்தான் தெரியும், கேட்டால் சொல்வாள், சொல்வதால் ஏதும் ஆகிவிடும் என்று தெரியாது. பெயரைக்கூடத் தேடித் தேடி வைத்தேன், எந்த மாவட்டத்தையும் எந்தத் தெருவையும் காட்டிக் கொடுக்காத பெயராக. கல்லூரிச் சீட்டுக்குச் சாதிச் சான்றிதழை வெளியே எடுக்கவில்லை. என் மகள் ஒரு தனிமனுஷி, வேறு எதுவும் இல்லை என்று இதே மேடையில் சொல்லியிருக்கிறேன். அதற்கும் தட்டினார்கள். அப்படி வளர்த்த பெண்ணைத்தான் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் ஏழே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சார் மனைவி கேட்டிருக்கலாம், சாருக்குத் தெரியாமல் இருக்கலாம். நேற்றிலிருந்து இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டு விவகாரமெல்லாம் அம்மா கையில், சார் புத்தகமும் பேப்பருமாக இருப்பவர், பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர், எழுபத்து நாலு வயசு. எனக்கு முதன்முதலில் கைகொடுத்தபோது கையை எடுக்கவே இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். அந்தப் பத்து நிமிஷத்துக்காகப் பதினோரு வருஷம் வந்துகொண்டிருக்கிறேனோ என்னவோ. இப்போது அமெரிக்காக் கதைக்கு வந்துவிட்டார், இனி பத்து நிமிஷத்தில் முடிப்பார். இந்தக் கதை எனக்கு மனப்பாடம். படிக்கப் போன வருஷம் அறை தேடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார், வெள்ளைக்காரக் கிழவர் முகத்தைப் பார்த்ததும் அறை இல்லை என்கிறார். வழக்குப் போடலாம், சட்டம் இருக்கிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 'நான் போடலை. அவன் வீடு, அவன் இஷ்டம். மறுபடியும் போய்க் கதவைத் தட்டினேன். ஐயா, நீங்க என்னைக் கறுப்பர்னு நினைச்சுட்டீங்க, நான் இந்தியாவிலேர்ந்து வர்றேன், யுனிவர்சிட்டில படிக்கிறேன்னேன். அடடா, முன்னாடியே சொல்லக்கூடாதான்னு கதவைத் திறந்துவிட்டார். ரெண்டு வருஷம் அங்கேதான் இருந்தேன், கிறிஸ்துமஸுக்குக் கேக் குடுப்பார்.' சபை சிரிக்கிறது. நானும் ஏழெட்டுத் தடவை சிரித்திருக்கிறேன். சட்டம் வேண்டாம், பேசினால் போதும் என்பதுதான் கதையின் நீதி என்று என் கட்டுரை ஒன்றில்கூட எடுத்து எழுதியிருக்கிறேன். அந்தக் கதவை அவருக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு நிஜக் கறுப்பர் தட்டியிருந்தால் அவர் என்ன விளக்கம் சொல்லியிருப்பார் என்று பதினோரு வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கே தோன்றவில்லை. இந்த ஏசியை யாராவது குறைத்தால் தேவலை.

சரி, நான் நம்பியதெல்லாம் பொய்யா? பொய் என்று சொல்ல வரவில்லை, அதுதான் தொந்தரவு. அட்டைப்பெட்டித் தொழில் ஆரம்பிக்க ஒரு கையெழுத்து வாங்க அரசாங்க ஆபீசுக்குப் போனபோது அந்த குமாஸ்தா என் சான்றிதழை வாய்விட்டுப் படித்தான், அறையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் படித்தான், அப்புறம் நாலு மணி நேரம் நிற்க வைத்தான், எதிரே காலி நாற்காலி இருந்தது. அதே மாதம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்காரர் போனில் கூப்பிட்டு நாளைக்குக் காலையில் ஆயிரம் அட்டைப்பெட்டி வேண்டும், முடியுமா முடியாதா என்றார், அவ்வளவுதான். ஊர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை. அன்றைக்கு நான் சந்தையைக் காதலித்தேன், வேறு வார்த்தை இல்லை. என்னை நிற்க வைத்தது சர்க்கார், உட்கார வைத்தது வியாபாரம், இதில் யார் பக்கம் நிற்பான் மனுஷன்? ஆனால் அந்த பிஸ்கட் கம்பெனிக்காரர் கூப்பிட்டது ஏகாம்பரத்தையா? ஸ்ரீ வேங்கடாத்ரி பேக்கேஜிங் என்று போர்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் திருப்பதிக்குப் போனதில்லை அப்போது. பேர் எடுப்பாக இருக்கட்டும் என்று வைத்தேன் என்று பவானியிடம் சொன்னேன், அவள் என் மனைவி, அவளிடமே அப்படித்தான் சொன்னேன். ஒருநாள் போனில் ஒரு வாடிக்கையாளர் 'நீங்க ஐயங்காரா சார்?' என்று கேட்டபோது சிரித்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்தேன். பெட்டிக்குச் சாதி கிடையாது என்கிறேனே, பெட்டியின் மேல் அச்சடித்திருந்த பெயருக்கு இருந்தது. சந்தை கேட்கவில்லை என்றால் காரணம், அது கேட்பதற்கு முன்னாலேயே நான் பதில் சொல்லி வைத்திருந்தேன்.

சலூன் கதை வேறு இருக்கிறது, இரண்டாவது பக்கத்தில். பதினாலு வயசில் எட்டு மைல் நடந்து செய்யாறு டவுனுக்குப் போய், முதல் முதலாகக் கண்ணாடி வைத்த சலூனில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொண்டேன். காசைக் கொடுத்தேன், வெட்டினான், யார் என்று கேட்கவில்லை, அன்றைக்குத் தெரிந்துகொண்டேன் சுதந்திரம் என்றால் என்னவென்று. அருமையான கதை. எழுதி வெளியானபோது நிரஞ்சனா படித்துவிட்டு, 'ஊர்லயே சலூன் இருந்திருக்குமேப்பா, ஏன் அவ்ளோ தூரம் நடந்தீங்க?' என்றாள். அவர் வெட்ட மாட்டார்மா என்றேன். ஏன் என்றாள். அவர் கடை, அவர் இஷ்டம் என்றேன். தலையை ஆட்டினாள், அந்தச் சலூன்காரர் ஏதோ முசுடு போல என்று நினைத்திருப்பாள். அந்த ஆளுக்கு இஷ்டம் என்று ஒன்று இருந்ததா? எங்கள் தலையைத் தொட்டிருந்தால் ஊரில் ஒருத்தன் அவன் கடைப்பக்கம் போயிருக்க மாட்டான், அவனுக்கும் அது தெரியும். வேறொருவன் பக்கத்தில் கடை போட்டு எல்லோருக்கும் வெட்டியிருக்கலாம், போட்டி வந்திருக்கலாம் என்பது கோதண்டபாணி சார் வாதம். முப்பது வருஷம் எவனும் போடவில்லை. அப்பா கடைசிவரை டவுனுக்கு நடந்தார், முட்டி வலியோடு நடந்தார், திரும்பி வரும்போது புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். கதையில் எட்டு மைலை வைத்துத்தான் நான் கைதட்டல் வாங்குகிறேன். எட்டு மைல் ஏன் என்று சபையில் யாரும் கேட்டதில்லை. அவர்களுக்குப் பதில் தெரியும், அதனால் கேட்கவில்லை. தெரியாத ஒருத்திதான் கேட்டாள்.

'என் வீட்டு மாடியையே எடுத்துக்குங்க' என்கிறார் சார். 'முந்தாநாள் ஒரு பொண்ணு வந்தது. டாக்டர். நல்ல பொண்ணு, மரியாதையான பொண்ணு. கேட்ட வாடகையைக் குடுக்கத் தயார். வீட்டுல எங்களுக்கு ஒத்து வரலை. வேணாம்னு சொன்னேன். ஏன் வேணாம்னேன்னு எந்த அதிகாரியும் வந்து என்னைக் கேக்க முடியாது, கேக்கவும் கூடாது. அந்தப் பொண்ணுக்கு வேற வீடு கிடைக்காதா? நிச்சயம் கிடைக்கும். நான் ஒரு நல்ல வாடகையை இழந்தேன், அதுதான் எனக்குத் தண்டனை. இதுக்கு மேல சர்க்கார் எதுக்கு?' சொன்னேன் என்கிறார். மனைவி சொன்னாள் என்று சொல்லவில்லை. நேற்றிலிருந்து நான் கையில் பிடித்திருந்தது போயிற்று. வேற வீடு கிடைக்கும், ஆமாம், இது அவளுக்கு ஐந்தாவது வீடு. முந்தைய நாலும் ஏன் தவறின என்று இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது, ஒன்றில் தண்ணீர்ப் பிரச்சினை என்றார்கள், ஒன்றில் பெயின்ட் அடிக்கப்போகிறோம் என்றார்கள், எல்லாவற்றையும் நம்பினோம். அவள் நம்பினாள். நான் நம்பினேனா? ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்து விடிகாலையில் அம்பத்தூருக்கு இரண்டு பஸ் மாறி வருகிறாள், கண் கீழே கறுத்துப்போயிருக்கிறது. வேற வீடு கிடைக்கும்மா என்று நானும் சொன்னேன், இதே வார்த்தையில்.

எழுந்து போய் என்ன சொல்வது? நாலு பக்கத்தைப் படித்துவிட்டு உட்காரலாம். படித்தால் மத்தியானம் அவளிடம் சொல்ல ஒரு பொய் தயாராக இருக்கிறது, அவர்களுடைய பையன் நிஜமாகவே வருகிறானாம் என்று. அவள் நம்புவாள், ஆறாவது வீட்டுக்குப் போவாள், அங்கேயும் காலனி என்பாள். அல்லது இப்போதே சொல்லலாம், அந்த டாக்டர் என் பெண் என்று. சொன்னால் சார் என்ன செய்வார்? மழுப்புவார், பையன் வருகிறான் என்பதை அவரும் சொல்வார், அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, விளம்பரம் இன்னும் ஓடுகிறது. கோபப்படுவார், அதற்கும் தயார். ஆமாம் ஏகாம்பரம், அதுதான் காரணம், அது என் உரிமை, நீயே எழுதியிருக்கிறாயே என்பார், அதுதான் அவருக்கு நேர்மை, அதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். சொல்லட்டும், நாற்பது பேர் முன்னால் பெயரைச் சொல்லிச் சொல்லட்டும், அப்போது இந்த வாதம் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வட்டத்தை விட்டால் எனக்குப் போக வேறு இடம் இல்லை, சட்டம் கேட்கிற அந்தப் பக்கத்துக்காரர்கள் என்னை ஏற்கெனவே கைக்கூலி என்று எழுதிவிட்டார்கள். பவானி மட்டும் சந்தோஷப்படுவாள். அவள் ஒருநாளும் இந்தக் கூட்டங்களுக்கு வந்ததில்லை, அவங்க வீட்டுக்கு நீங்க போறீங்க, அவங்க நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். வேலை இருக்கும், தூரம் என்றேன்.

கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்தேன், கால் மரத்துப்போயிருந்தது. மைக்கை இறக்கினேன், முதல் வரிசையில் ஒருவர் கைதட்டத் தயாராக இரண்டு கையையும் மடியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார். காகிதத்தை எடுக்கவில்லை. 'சார் சொன்ன அந்த டாக்டர் பொண்ணு என் பொண்ணு' என்றேன். குரல் என்னுடையது மாதிரி இல்லை. 'சொந்த ஊர் கேட்டிருக்காங்க. காலனின்னு சொல்லியிருக்கா. மறுநாள் வீடு இல்லைன்னு போன் வந்துது. வேற காரணம் ஏதாவது இருந்தா சார் சொல்லலாம்.' யாரோ இருமினார்கள். நான் சாரைப் பார்த்தேன், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பயத்தோடு பார்த்தேன்.

சார் எழுந்து வந்தார். முகத்தில் கோபம் இல்லை, நிஜமான வருத்தம் இருந்தது, கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது, நடிக்கவில்லை. என் தோளில் கைபோட்டு என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். 'ஏகாம்பரம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உங்க பொண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்?' என்றார். மைக் எங்கள் இரண்டு பேர் வாய்க்கும் நடுவில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அப்புறம் சபையைப் பார்த்துத் திரும்பினார். 'முன்பின் தெரியாதவங்கன்னா நாலும் யோசிப்போம், நான் மறைக்கலை. ஆனா ஏகாம்பரம் அப்படியா? அவர் நம்ம ஆளு. பொண்ணை நாளைக்கே சாமானோட வரச் சொல்லுங்க, அட்வான்ஸ்கூட வேண்டாம். இப்போ சொல்லுங்க, இதுக்கு ஒரு சட்டம் வேணுமா? சட்டம் இருந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் கோர்ட்டு வாசல்ல எதிரெதிரா நின்னிருப்போம். ஒரு நிமிஷம் பேசினோம், முடிஞ்சுது.' கைதட்டினார்கள். எனக்கு இதுவரை கிடைத்த எல்லாக் கைதட்டலையும்விட நீளமாகத் தட்டினார்கள், பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றே தட்டினார்கள், நிம்மதி அவர்கள் முகத்திலெல்லாம் தெரிந்தது. வேறு ஒருவருடைய பெண்ணாக இருந்தால் சார், என்று கேட்க வேண்டும். என்னைத் தெரியாதவருடைய பெண்ணாக, மேடையில் நாற்காலி இல்லாதவருடைய பெண்ணாக இருந்தால். கேள்வி முழுசாகத் தொண்டைக்கு வந்துவிட்டது. தோளில் அவர் கை கனமாக, சூடாக இருந்தது, எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நல்லவர்கள், நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள். நன்றி சார் என்றேன். என் வாய்தான் சொன்னது, மைக்கில் தெளிவாகக் கேட்டது, மறுபடியும் தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் வெட்கமாக இருந்தது. வீடு கிடைக்காமல் போயிருந்தால் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லி அவளைச் சமாளித்திருப்பேன். இப்போது வீடு கிடைத்துவிட்டது, எப்படிக் கிடைத்தது என்று கேட்பாள், இனி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.